எரிந்த கேஸ் போக வழியில்லாத குளியலறை: மலையக விடுதியொன்றின் கீசர் பற்றிய நிகழ்வு ஆய்வு

இடமும் பின்னணியும்

நுவரெலியா மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீற்றர் உயரத்தில், நகர எல்லைக்குள் இருக்கிறது இந்த நான்கு அறை விருந்தினர் விடுதி. முன்பு ஒரு குடும்பம் குடியிருந்த வீடு. தகரக் கூரை, அதன் கீழே பலகை சீலிங். விடுதியாக மாற்றியபோது வரைபடத்துக்கு அனுமதி எடுத்தார்கள். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழும் பெற்றார்கள். வியாபார உரிமத்தை ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பித்தார்கள். சட்டத்தை ஏய்த்து நடத்திய இடமல்ல இது. இந்த நிகழ்வைப் பதிவுசெய்ய அதுவே முதற்காரணம்.

ஆரம்பத்தில் நான்கு குளியலறைகளிலும் மின்சாரக் கீசர்கள்தான் இருந்தன. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் அடுத்தடுத்து ஏறிய பிறகு, உரிமையாளர் இரண்டு அறைகளுக்கு மட்டும் கேஸ் கீசர் போட்டார். நிமிடத்துக்கு 6 லீற்றர் தரும் சிறிய வகை. தகட்டில் 12 கிலோவாற்று, கேஸ் அழுத்தம் 2,800 பாஸ்கல் என்று அச்சிட்டிருந்தது. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் தானே பற்றிக்கொள்ளும், மூடினால் அணைந்துவிடும்.

பொருத்தியவர் ஊரில் நல்ல பெயர் எடுத்த பைப் பாஸ் (தண்ணீர்க் குழாய் வேலை செய்பவர்) ஒருவர். குளியலறை 1.5 மீற்றர் நீளம், 1.8 மீற்றர் அகலம், 2.3 மீற்றர் உயரம். கொள்ளளவு 6 கனமீற்றரை ஒட்டியது. கீசரைக் குளியலறைச் சுவரிலேயே மாட்டினார். சிலிண்டரை வெளியே பின்சுவரோரம் வைத்து, ஹோஸைச் சுவர்த் துளை வழியாக உள்ளே எடுத்தார். இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவிக் கசிவு பார்த்தார். கசிவு இல்லை. அந்த வேலை சுத்தமாகவே செய்யப்பட்டிருந்தது.

புகைக்குழாயில்தான் பிழை. கீசரோடு வந்த நெளி அலுமினியக் குழாயை மேலே எடுத்து, சீலிங் பலகையில் துளைபோட்டு, அதற்குள் ஒரு சாண் அளவு நுழைத்ததோடு வேலை நின்றுவிட்டது. கூரைத் தகரத்தை வெட்டவில்லை. வெட்டினால் மழை ஒழுகும் என்று உரிமையாளர் பயந்தார். பாஸும் சரி என்றார். மலையகத்தில் ஒழுகும் கூரையோடு வாழ்ந்த எவருக்கும் அந்தப் பயம் புரியும்.

மிஞ்சியிருந்த ஒரே காற்றுவழி, கதவுக்கு எதிர்ச்சுவரில் மேலே இருந்த லூவர் யன்னல். டிசம்பரில் காற்றும் தூறலும் உள்ளே அடிக்க, குளியலறை குளிர்கிறது என்று வந்தவர்கள் முறையிட்டார்கள். விடுதிப் பையன் அந்த லூவருக்குப் பொலித்தீன் விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டினான். இது நடந்தது நிகழ்வுக்கு ஒன்பது நாட்களுக்கு முன்.

அன்று மாலை

தாய், தந்தை, ஒன்பது வயது மகள் என மூவர் கீழ்நாட்டிலிருந்து வந்து மாலை 6:40 அளவில் அறை எடுத்தார்கள். முதலில் தந்தை குளித்தார், பத்து நிமிடம் போல. வெளியே வந்தவருக்குத் தலை பாரமாக இருந்தது. மலைப்பாதை வளைவுகளில் வந்த களைப்பு என்று எண்ணிப் படுத்துக்கொண்டார். 7:20க்குத் தாயும் மகளும் சேர்ந்து உள்ளே போனார்கள்.

7:45க்குத் தந்தை கதவைத் தட்டினார். பதில் இல்லை. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் கூப்பிட்டதும் ஓடிவந்த பையன் கதவின் மேற்கண்ணாடியை உடைத்துத் தாழ்ப்பாளைத் திறந்தான். தாய் நினைவின்றித் தரையில் கிடந்தார். மகள் சுவரோரம் சாய்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள்.

பையன் செய்த முதல் வேலை ஷவரை மூடியது. தண்ணீர் ஓடும்வரை கீசரும் எரிந்துகொண்டுதான் இருக்கும். ஷவரை மூடியதும் அதுவும் அணைந்தது. அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. தண்ணீர் வீணாகிறதே என்று மூடியிருக்கிறான். அடுத்து இருவரையும் அறையில் கிடத்தாமல் நேரே வராந்தாவுக்கு இழுத்து வந்தார்கள். இவ்விரண்டும்தான் உயிரைக் காத்த செயல்கள்.

1990 என்ற எண்ணில் அழைத்த சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும்வரை வராந்தாவில் ஓடிய பேச்சு வேறு திசையில் இருந்தது. பிரஷர் இறங்கியிருக்கும், வழியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கேஸாக இருக்குமோ என்று உரிமையாளர் கேட்டதற்குப் பையன், “இல்லிங்க முதலாளி, நா உள்ள போனேனே, கேஸ் வாடையே இல்லிங்க” என்றான். அவன் சொன்னது உண்மை. ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. சிலிண்டர் கேஸுக்கு வாடை சேர்ப்பது, அது எரியாமல் கசியும்போது தெரியட்டும் என்பதற்காக. எரிந்தபின் அந்த வாடை இருக்காது. ஒட்சிசன் போதாமல் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அந்த ஒரு வாக்கியத்தின் விளைவாக, அதே மாதிரிக் கீசர் இருந்த அடுத்த அறையில் அன்றிரவு இரண்டு பேர் குளித்தார்கள். அங்கு லூவர் திறந்திருந்ததால் ஒன்றும் நேரவில்லை.

வைத்தியசாலையில்

விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி தாய்க்கு 98 காட்டியது. இது பலரை ஏமாற்றும் எண். காபனோரொட்சைட்டு இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். சாதாரண விரல் மானியால் அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. உடம்பு ஒட்சிசனுக்குத் தவிக்கும்போதும் அது நல்ல எண்ணையே காட்டும்.

கடமையிலிருந்த வைத்தியர் தந்தையிடம் கேட்ட ஒரு கேள்வியில் விஷயம் திரும்பியது. “எங்கே மயங்கினாங்க? அங்க கீசர் கரண்டா, கேஸா?” கேஸ் என்றதும், இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் இருவருக்கும் இறுக்கமான முகமூடி வழியாக முழு ஒட்சிசன் தொடங்கினார். அது சரியான அவசரம். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்திலுள்ள காபனோரொட்சைட்டு பாதியாகக் குறைய நான்கைந்து மணித்தியாலம் எடுக்கும். முழு ஒட்சிசனில் அது ஒன்றரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். தலைபாரம் என்ற தந்தையையும் விடாமல் பரிசோதித்து ஒட்சிசன் கொடுத்தார்கள்.

மகள் மறுநாளே தெளிந்துவிட்டாள். தாய் இரண்டு நாள் தங்கினார். நஞ்சேறி நாட்கள், வாரங்கள் கழித்தும் மறதியோ தடுமாற்றமோ வரலாம் என்று எழுதிக்கொடுத்து, கிளினிக் திகதியும் போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் காலை கண்டது

கேஸ் உபகரணங்களில் பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளர் ஒருவரும், உள்ளூராட்சி சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் சேர்ந்து பார்த்தார்கள். எதையும் தொடுவதற்கு முன் படம் எடுத்தார்கள். லூவரில் ஒட்டிய பொலித்தீனின் உட்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தது. அலுமினியக் குழாய் நுழைந்த இடத்தைச் சுற்றிச் சீலிங் பலகை கறுத்திருந்தது. சீலிங்குக்கு மேலே ஏறிப் பார்த்தபோது, குழாயின் வாய் ஒரு மரச்சட்டத்தை முட்டி, பாதி நசுங்கிக் கிடந்தது.

கீசரின் முன்மூடியைக் கழற்றினார்கள். செப்பு வெப்பமாற்றியின் தகடுகளுக்கிடையே கரி, மெல்லிய கறுப்புப் பஞ்சு போல அடைத்திருந்தது. இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். சுத்தமாக எரியும் கேஸ் கரி விடாது. காற்றுப் போதாமல் மஞ்சள் சுவாலை எழும்போதுதான் கரி படியும். படிந்த கரி தகடுகளின் இடைவெளியை அடைக்க, புகை மேலே ஏறாமல் திரும்பும். சுவாலை இன்னும் மஞ்சளாகும். கோளாறு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். இந்த அளவு கரி ஒன்பது நாளில் படிந்திருக்க முடியாது. பொலித்தீன் ஒட்டுவதற்கு நெடுநாள் முன்பே இந்தக் கீசர் சரியாக எரியவில்லை. திறந்த லூவர் அதை மறைத்து வைத்திருந்தது.

அளந்து பார்த்தது

ஆளில்லாத குளியலறையில் ஷவரைத் திறந்துவிட்டுக் கதவை மூடி, காபனோரொட்சைட்டு மானியின் குழாயைக் கதவிடுக்கு வழியாக ஒரு மீற்றர் உயரத்தில் வைத்தார்கள். பொலித்தீன் அப்படியே இருந்தது. மூன்றாம் நிமிடத்தில் 40 பிபிஎம் (பத்து இலட்சம் பங்கு காற்றில் 40 பங்கு). ஏழாம் நிமிடத்தில் 210. பத்தாம் நிமிடத்தில் 500ஐத் தாண்டியதும் சோதனையை நிறுத்தினார்கள். உலக சுகாதார நிறுவனம் 15 நிமிடத்துக்குச் சொல்லும் எல்லை ஒரு கனமீற்றருக்கு 100 மில்லிகிராம், அதாவது 90 பிபிஎம்முக்குச் சற்றுக் குறைவு. தாயும் மகளும் உள்ளே இருந்தது இருபத்தைந்து நிமிடம்.

கணக்கும் இதையே சொல்கிறது. 12 கிலோவாற்றுக் கீசர் மணிக்கு ஏறத்தாழ 0.9 கிலோ கேஸ் எரிக்கும். ஒரு கிலோ கேஸ் முழுமையாக எரிய 15 கிலோவுக்கு மேல் காற்று வேண்டும். இந்த உயரத்தில் ஒரு கனமீற்றர் காற்றின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. ஆக மணிக்கு 14 கனமீற்றர் காற்று. அறையிலோ இருப்பது 6. ஒட்சிசன் 21 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கினாலே எரிதல் கெட்டு நஞ்சு வேகமாகக் கூடத் தொடங்கும். காற்றே புகாத அறையாக இருந்தால் அந்த நிலைக்கு வர நான்கு நிமிடம் போதும். கதவிடுக்கும் சீலிங் இடைவெளியும் இருந்ததால் இங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தது.

உயரமும் தன் பங்கைச் செய்தது. 1,600 மீற்றரில் காற்று, கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. கேஸைச் சுவாலைக்கு விடும் இன்ஜெக்டர் என்ற சிறு முனையின் துளை வழியே பாயும் கேஸ் அந்த அளவுக்குக் குறைவதில்லை. எனவே கொழும்பில் நீலமாக எரியும் அதே கீசர் இங்கே கேஸ் கூடி, காற்றுக் குறைந்து எரிகிறது. அமெரிக்கக் கேஸ் விதிகளின்படி, 2,000 அடிக்கு மேலுள்ள இடங்களில் கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 அடிக்கும் உபகரணத்தின் கிலோவாற்று அளவை 4 சதவீதம் குறைக்க வேண்டும். அந்தக் கணக்கில் இந்த இடத்துக்கு 21 சதவீதம்; 12 கிலோவாற்றுக் கீசர் இங்கே ஒன்பதரையில்தான் ஓட வேண்டும். கீசரின் தகட்டிலோ பெட்டிக்குள் வந்த தாளிலோ உயரம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அனுமதிகள் எங்கே நின்றன

விடுதி மூன்று வாயில்களைக் கடந்து வந்திருக்கிறது: வரைபட அனுமதி, இணக்கச் சான்றிதழ், ஆண்டு உரிமம். முதல் இரண்டும் நடந்தபோது கேஸ் கீசரே இல்லை. அது பின்னால் வந்தது. சுவரோ கூரையோ மாறாததால் யாரும் புது அனுமதி எடுக்க நினைக்கவில்லை; எடுக்கும்படி எவரும் சொல்லவுமில்லை. உரிமப் பரிசோதனையில் சமையலறைச் சுத்தம், குடிநீர், கழிவறை, குப்பை, தீயணைப்புக் கருவி எல்லாம் பார்த்தார்கள். சிலிண்டர் வெளியே இருக்கிறதா என்றுகூடப் பார்த்து “ஆம்” என்று குறித்திருக்கிறார்கள். கேஸ் உள்ளே வரும் பாதைக்குத்தான் கேள்வி இருந்தது. எரிந்த கேஸ் வெளியே போகும் பாதைக்குப் படிவத்தில் ஒரு வரி இல்லை.

புதிதாக மின் இணைப்பு எடுக்கப் போனால் வயரிங் சோதனை அறிக்கை கேட்பார்கள். கீசர் கடையில் பணம் கொடுத்தால் போதும். பிரித்தானியாவின் 1998ஆம் ஆண்டுக் கேஸ் பாதுகாப்பு விதிகளில் குளியலறைக்குள் வைக்கும் கேஸ் உபகரணம், அறைக் காற்றைத் தொடாமல் வெளியிலிருந்தே காற்றெடுத்து வெளியிலேயே புகைவிடும் மூடிய வகையாக இருக்க வேண்டும். வாடகைக்கு விட்ட இடமென்றால் 12 மாதத்துக்கு ஒருமுறை பதிவுபெற்ற ஒருவர் சோதித்து எழுத்தில் தர வேண்டும். அந்த முதல் விதி மட்டும் இங்கே இருந்திருந்தால், இந்தக் கீசர் இந்தச் சுவரில் ஏறியிருக்காது.

எடுத்த முடிவுகள்

உரிமையாளர் முதலில் கேட்டது, பொலித்தீனைக் கிழித்து எச்சரிக்கைப் பலகை மாட்டினால் போதாதா என்று. பரிசோதகர் மறுத்தார். குளிருக்கு யன்னலை அடைப்பது மனிதர் செய்யும் இயல்பான வேலை. இன்றைக்குக் கிழித்தாலும் அடுத்த டிசம்பரில் வேறு எவராவது ஒட்டுவார். புகைக்குழாயைக் கூரைக்கு மேல் நீட்டுவதும் பேசப்பட்டது. இவ்வளவு சிறிய அறையில் குழாய் இருந்தாலும் உள்ளே வரும் காற்றுக்கு நிரந்தர வழி வேண்டும். பலத்த காற்றில் புகை திரும்பவும் கூடும். எனவே இரண்டு கீசர்களையும் குளியலறையிலிருந்து முற்றாக எடுப்பது என்று முடிவாயிற்று. அதுவரை அந்த இரு அறைகளும் பூட்டப்பட்டன.

பழைய இரண்டையும் கழித்துவிட்டார்கள். அதே அளவில் புதியவை இரண்டு, பின்பக்கத் திறந்த தாழ்வாரச் சுவரில், எந்த யன்னலிலிருந்தும் கதவிலிருந்தும் 1.5 மீற்றர் தள்ளி ஏறின. வடிகானுக்குப் பக்கத்தில் நின்ற சிலிண்டரைத் தாழ்வாரத்தின் மறுகோடிக்கு, சிமெந்து மேடையில் நிமிர்த்தி மாற்றினார்கள். இந்தக் கேஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் பள்ளம் தேடி ஓடும். சிலிண்டரிலிருந்து கீசர்வரை செப்புக் குழாய், கடைசி ஒரு மீற்றருக்குள் மட்டும் எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரச்சான்று) முத்திரை ஹோஸ், இரு முனையிலும் கிளிப், ஒவ்வொரு கீசருக்கும் தனி அடைப்பான். எல்லா அடைப்பானையும் மூடி, அழுத்தமானி பத்து நிமிடம் அசையாமல் நின்ற பிறகே கேஸ் திறந்தார்கள்.

உயரத்துக்கேற்ற சிறுதுளை இன்ஜெக்டர் கேட்டபோது கிடைக்கவில்லை. அதனால் கேஸ் குமிழ் ஒரு அளவுக்கு மேல் திரும்பாதபடி தடுப்பு வைத்தார்கள். அந்த அளவைக் கண்டது தராசில்: சிலிண்டரை நிறுத்து, அரை மணித்தியாலம் கீசரை ஓடவிட்டு, மறுபடி நிறுத்தார்கள். முழுக்கத் திறந்தபோது 450 கிராம் குறைந்தது. 360 கிராமுக்கு வரும்வரை குமிழைக் குறைத்தார்கள். சுவாலை நுனியின் மஞ்சள் மறைந்தது. இன்ஜெக்டர் கிடைத்தால் அதுவே முறையான வழி. இதற்கு ஒரு விலையும் உண்டு: 15 பாகைத் தண்ணீரை 40க்குக் கொண்டுவந்தால் இப்போது நிமிடத்துக்கு 6 லீற்றர் கிடைக்காது, நாலரை லீற்றர்தான் கிடைக்கும். ஷவர் தலையைச் சிறிய துளை வகைக்கு மாற்றியதில் வந்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை.

நான்கு படுக்கையறைகளிலும் மின்கலத்தில் இயங்கும் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி வைத்தார்கள். ஐரோப்பிய ஈஎன் 50291 குறியுள்ளதைத் தேடிக் கொழும்பிலிருந்து வாங்கினார்கள். அந்தத் தரத்தில் 300 பிபிஎம் வந்தால் மூன்று நிமிடத்துக்குள் ஒலிக்க வேண்டும். 50 பிபிஎம்முக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். குளியலறை ஈரத்தில் கருவி கெடும் என்பதால் உள்ளே மாட்டவில்லை. குளிருக்குச் சட்டியில் கரி மூட்டி அறைக்குள் வைக்கும் வழக்கம் மலையகத்தில் உயிர்களைப் பறித்திருக்கிறது. கீசர் வெளியே போனபிறகும் இந்தக் கருவிக்கு வேலை உண்டு.

அதன் பின்

மூன்றாவது வாரத்தில் ஒரு பின்னடைவு. தாழ்வாரத்தில் காற்று வீசியபோதெல்லாம் கீசர் அணைந்தது. பாதுகாப்பு அடைப்பு வேலைசெய்து கேஸையும் நிறுத்தியது, அது சரி. ஆனால் பாதிக் குளியலில் தண்ணீர் குளிர்ந்ததால் பையன் பழைய தகரம் ஒன்றை வளைத்துக் கீசரைச் சுற்றி மூன்று பக்கத்தையும் மேற்பக்கத்தையும் அடைத்துவிட்டான். மறுபரிசோதனைக்கு வந்த தொழில்நுட்பவியலாளர் மூடியைத் திறந்ததும் சுவாலை மறுபடி மஞ்சள். குளியலறையில் செய்ததையே வெளியே சிறிய அளவில் செய்திருந்தார்கள். தகரத்தை எடுத்து, கீழே ஒன்று, மேலே ஒன்று என ஒவ்வொன்றும் 200 சதுர சென்றிமீற்றருக்குக் குறையாத திறப்புகளோடு, முன்பக்கம் மட்டும் சாய்தட்டு வைத்த மறைப்புச் செய்தார்கள். அதன்பின் அணையவில்லை. பையனை அருகே நிறுத்தி நீலச் சுவாலையையும் மஞ்சளையும் மாறிமாறிக் காட்டினார்கள். அதற்குமுன் எவரும் அவனுக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை.

தாய்க்கு மூன்று வாரம் மறதியும் தலைவலியும் இருந்தன. இரண்டாவது கிளினிக்கில் தெளிவாக இருந்தார்.

பூட்டிய இரு அறைகளும் உரிமம் புதுப்பித்தபின் திறந்தன. அந்த ஆண்டிலிருந்து பரிசோதகர் தன் படிவத்தின் அடியில் கையால் ஐந்து வரி சேர்த்து எழுதுகிறார்: கேஸில் எரியும் உபகரணம் எந்த அறையில் இருக்கிறது, புகை எந்த இடத்தில் வெளியேறுகிறது, அந்த வாயை நேரில் பார்த்தீர்களா, காற்று வரும் திறப்பு மூட முடியாததா, கடைசியாக யார், எப்போது முன்மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

மறுபடி செய்தால் எது மாறும்

முதலாவது, அன்றிரவே எல்லாக் கீசர்களையும் நிறுத்தியிருக்க வேண்டும். குளியலறையில் ஒருவர் மயங்கினால், வாடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தக் கட்டடத்தில் கேஸில் எரிவது எதுவும் சோதனை முடியும்வரை எரியக் கூடாது. அம்பியூலன்ஸை அழைக்கும்போதே “கேஸ் கீசர் உள்ள குளியலறை” என்ற செய்தியையும் சொல்ல வேண்டும். வைத்தியர் கேட்டதால்தான் இங்கே தெரியவந்தது. வேறொருவர் கேட்காமலும் விட்டிருக்கலாம்.

உள்ளே நுழைபவரின் பாதுகாப்பும் யோசிக்கப்படவில்லை. பையன் மூச்சை அடக்கவோ கதவை அகலத் திறந்து வைக்கவோ தெரியாமல் இரண்டு முறை உள்ளே போய்வந்தான். அவனுக்கும் இரவெல்லாம் தலைவலி. அவனை எவரும் வைத்தியசாலைக்கு அழைத்துப் போகவில்லை.

பைப் பாஸை இந்த ஆய்வில் குற்றவாளியாக நிறுத்தவில்லை. தண்ணீர்க் குழாய் வேலை தெரிந்தவரிடம் எரிதல் வேலையும் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குக் கசிவு தெரியும், புகை தெரியாது. கூப்பிட்டுப் பேசியபோது அவரே ஒரு கொப்பியை எடுத்துவந்து, அதே நகரில் தான் பொருத்திய கீசர்களின் பட்டியலைக் கொடுத்தார். பதினொரு இடங்கள். அவற்றில் ஏழுக்கு அவரும் தொழில்நுட்பவியலாளரும் சேர்ந்து போனார்கள். ஐந்தில் புகைக்குழாய் சீலிங்கோடு நின்றது. ஐந்தையும் வெளியே மாற்றினார்கள். மீதி நான்கும் விடுதிகளல்ல, குடியிருக்கும் வீடுகள். உரிமம் புதுப்பிக்க எவரும் வராத வாசல்கள் அவை. இரண்டு வீட்டார் பிறகு பார்ப்போம் என்றார்கள், இரண்டு வீடுகள் பூட்டிக் கிடந்தன. அந்த நான்கு முகவரிகளும் பாஸின் கொப்பியில் வட்டமிட்டபடி இருக்கின்றன.